சனிக்கு ஒரு சும்மாடு

2022 மார்ச் மாதக் கடைசி. இலங்கையில் பொருளாதார நெருக்கடியால் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்கள். மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். உள்ளே புழுக்கம் தாங்க முடியவில்லை. மேலே நுளம்பு கடித்தாலும் கடற்காற்றாவது வந்தது. பத்து மணியிருக்கும். அப்பா தெற்குப் பக்கம் கையைக் காட்டி, “78 சூறாவளிக்குப் பிறகு இப்பதான் வானத்தை இப்படிப் பாக்கிறன்” என்றார். அப்போதுதான் நான் நிமிர்ந்து ஒழுங்காகப் பார்த்தேன். அமாவாசையை ஒட்டிய இரவு, நிலவு இல்லை. தெற்கு அடிவானத்துக்கு மேலே வெண்மையாக ஏதோ படர்ந்து கிடந்தது. முகில் என்று நினைத்தேன். முகில் என்றால் காற்றுக்கு நகர வேண்டும். அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன், அது கலையவே இல்லை. பால்வீதி. நாற்பது வயதுவரை கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழ்ந்த எனக்கு, தலைக்கு மேலே இப்படியொன்று இருப்பது தெருவிளக்கு அணைந்த பிறகுதான் தெரியவந்தது.

அந்த இரவிலிருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. கரண்ட் திரும்ப வந்துவிட்டது, பைத்தியம் மட்டும் போகவில்லை. இந்தச் சில வருடங்களில் நான் கற்றதை, எங்கள் பக்கத்தில் யாராவது முதல் தொலைநோக்கி வாங்கும் எண்ணத்தில் இருந்தால் அவர்களுக்காக எழுதி வைக்கிறேன். எனக்குத் தேவைப்பட்ட நேரத்தில் இங்கிருந்து எழுதப்பட்ட ஒன்றும் என் கையில் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் வடக்கே வெகு தூரத்தில் பனி கொட்டும் ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் வானத்துக்காக எழுதியவை. அவற்றை நம்பி நான் ஆறு மாதம் துருவ நட்சத்திரத்தைத் தேடினேன்.

மட்டக்களப்புக்காரருக்கு வானம் புதிதல்ல. வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம் இருக்கும் நிலம் எழுவான்கரை, மேற்கே வயல் பக்கம் படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. இப்படி ஊரைப் பிரித்துப் பெயர் வைத்தவர்கள் தினமும் வானத்தைப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். வானம் பார்க்கிறவனுக்கு இதைவிட வசதியான நில அமைப்புக் கிடைக்காது. கிழக்கே கடல், அடிவானம்வரை ஒரு தடையும் இல்லை. கிரகமோ நிலவோ தண்ணீரிலிருந்து எழும்புவதையே பார்க்கலாம். மேற்கே வாவி. சந்தையில் விற்கிற எந்தக் கருவியை விடவும் பெரிய சொத்து இது.

துருவ நட்சத்திரத்தின் கதைக்கு வருகிறேன். ஒரு இடத்தின் அகலாங்கு எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில்தான் அங்கே துருவ நட்சத்திரம் நிற்கும். மட்டக்களப்பு வடக்கே 7.7 பாகையில் இருக்கிறது. கையை நேராக நீட்டி விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால் அது வானத்தில் சுமார் 10 பாகையை மறைக்கும். அப்படியென்றால் எங்கள் துருவ நட்சத்திரம் ஒரு முட்டிக்கும் கீழே, தென்னை மட்டைகளுக்கும் கடலோரப் புகாருக்கும் பின்னால் கிடக்கிறது. “முதலில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடியுங்கள்” என்று தொடங்கும் பாடம் எங்களுக்குச் சரிவராது.

அதற்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்திருப்பது தெற்கு வானம். மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பார்த்தால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். நம்மவர்கள் திரிசங்கு என்று சொல்வது அதைத்தான். அதற்கு இடப்பக்கத்தில் இரண்டு பிரகாசமான வெள்ளிகள் (ஊரில் நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் வெள்ளி என்றுதான் பெயர்). அவற்றில் சிலுவைக்கு எட்ட இருப்பது அல்ஃபா சென்டாரி, சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரத் தொகுதி. சுமார் 4.3 ஒளியாண்டு. லண்டனில் இருப்பவர் இதைத் தன் ஊரிலிருந்து ஒருநாளும் பார்க்க முடியாது. எங்கள் ஊரில் கடற்கரைக்குக் கச்சான் கொட்டை வாங்கப் போகிறவர்கூடப் பார்க்கலாம்.

தொலைநோக்கி வாங்குவதற்கு முன் ஒரு வருடம் நான் வெறும் கண்ணாலும் இரவல் பைனாகுலராலும் பார்த்தேன். வேறு வழியும் இருக்கவில்லை. நாட்டில் பெற்றோலுக்கே வரிசையில் நின்ற காலம். இப்போது யோசித்தால் அந்த ஒரு வருடம்தான் எல்லாவற்றுக்கும் அத்திவாரம் போட்டது. போனில் ஸ்டெல்லேரியம் என்ற செயலியை இறக்கி, ஊரை மட்டக்களப்பு என்று போட்டு வைத்தேன். ஒரு கிழமைக்கு ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான். படித்துக்கொண்டு போகப் போக ஒரு விசயம் புரிந்தது: எனக்கு இந்தப் பெயர்கள் முன்பே தெரியும். திருவாதிரை, ரோகிணி, கார்த்திகை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை. வீட்டுக் கலண்டரிலும் சாதகத்திலும் கேட்டு வளர்ந்த பெயர்கள் எல்லாம் வானத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய பொருட்கள். திருவாதிரை செந்நிறத்தில் எரியும். கேட்டையும் சிவப்புத்தான், ஆனால் வேறு சிவப்பு, அடுப்பில் அணையப் போகும் தணல் மாதிரி. பைனாகுலரில் கார்த்திகையைப் பார்த்த இரவில் எண்ணத் தொடங்கி முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

சரி, தொலைநோக்கி. 2023 ஜூலையில் கொழும்பிலிருந்து ஒரு நண்பர் மூலமாக வாங்கினேன். இரவு ரயிலில், மடியில் வைத்தபடி கொண்டுவந்தேன். பெட்டியில் பெரிய எழுத்தில் 525 மடங்கு என்று போட்டிருந்தது. இந்த 525 பற்றிக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தொலைநோக்கி வாங்குகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது இந்த எண்தான்.

என்னுடையது 70 மில்லிமீற்றர் வில்லை, 700 மில்லிமீற்றர் குவியத்தூரம். உருப்பெருக்கம் என்பது தொலைநோக்கியின் குவியத்தூரத்தை, கண் வைக்கும் சின்ன வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவது. அந்தக் கண்வில்லை 25 மில்லிமீற்றர் என்றால் 28 மடங்கு. 10 என்றால் 70 மடங்கு. பெட்டியில் 4 மில்லிமீற்றர் ஒன்றும் வைத்திருந்தார்கள், அது 175. அதோடு மூன்று மடங்காக்கும் ஒரு குழாயும். 175 ஐ 3 ஆல் பெருக்கினால் 525. கணக்குச் சரி. ஆனால் ஒரு தொலைநோக்கி எவ்வளவு நுட்பமாகக் காட்டும் என்பதை அதன் முன்வில்லையின் விட்டம் தீர்மானிக்கிறது, பெருக்கம் அல்ல. ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் இரண்டு மடங்கு என்பது பொதுவான எல்லை. 70 மில்லிமீற்றருக்கு 140. அதற்கு மேலே போனால் உருவம் பெரிதாகும், மங்கும், குழம்பும். புதிதாக ஒன்றும் தெரியாது. சின்னப் படத்தை போட்டோ கொப்பி மெசினில் பெரிதாக்கிக்கொண்டே போவது போலத்தான். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வில்லையின் விட்டம் எவ்வளவு என்பது. இரண்டாவது கேள்வி கால் உறுதியாக இருக்கிறதா என்பது. விற்கிறவர் பெருக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் வேறு கடைக்குப் போகலாம்.

இந்தக் கணக்கு எனக்கு முதல் இரவில் தெரியாது. 4 மில்லிமீற்றரையும் மூன்று மடங்குக் குழாயையும் பூட்டி, மேற்கே வாவிக்கு மேல் பளிச்சென்று நின்ற விடிவெள்ளியை நோக்கித் திருப்பினேன். (அந்த மாதம் அது மாலையில் நின்றது, விடிவெள்ளியும் மாலையில் தெரிவதும் ஒரே வெள்ளிக் கிரகம்தான்.) முக்கால் மணித்தியாலம் கறுப்பைத்தான் பார்த்தேன். இடையில் ஒரு முறை ஏதோ வெளிச்சம் குறுக்கே ஓடியது. தொட்டால் ஆடியது, கடற்காற்றுப் பட்டால் ஆடியது, மூச்சு விட்டால் ஆடியது. ஒன்பது மணிக்கு முன்னமே வெள்ளி படுவான்கரைப் பக்கம் மறைந்துவிட்டது. அன்று இரவு மனம் உடைந்துதான் படுத்தேன். ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதில் போட்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. பகலில் செய்த இரண்டு வேலைகள் எல்லாவற்றையும் மாற்றின. முதலாவது, குழாயின் முதுகில் இருக்கும் சின்னக் குறிகாட்டியைப் பெரிய குழாயோடு ஒரே நேரில் கொண்டுவந்தது. தூரத்தில் இருந்த ஒரு தொலைபேசிக் கோபுரத்தின் உச்சியை 25 மில்லிமீற்றர் கண்வில்லையின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். குழாயை அசைக்காமல், குறிகாட்டியின் திருகாணிகளை மெல்ல மெல்லத் திருகி அதன் குறுக்குக் கோட்டையும் அதே உச்சியில் நிறுத்தினேன். பத்து நிமிட வேலை. இதை இரவில் முயற்சி செய்யாதீர்கள், பகலில் மட்டும். சூரியன் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டாவது, 5 லீற்றர் தண்ணீர்க் கேனை நிரப்பி, முக்காலியின் நடுவில் கயிறு போட்டுத் தொங்கவிட்டது. கால்களை நீட்டாமல் முடிந்தவரை குட்டையாக்கி வைத்தேன். ஆட்டம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

அன்று மாலை 25 மில்லிமீற்றரோடு மட்டும் பார்த்தேன். 28 மடங்கு. குறிகாட்டியின் கோட்டுச் சந்தியில் வெள்ளியை வைத்து, கண்வில்லையில் கண்ணை வைத்தேன். பிறை! மூன்றாம் பிறைபோல ஒரு குட்டிப் பிறை, ஓரம் சற்றே நடுங்கியபடி. தொலைநோக்கியில்தான் ஏதோ கோளாறு என்று கண்ணை எடுத்து வெறும் கண்ணால் பார்த்தேன், ஒரு பொட்டு. திரும்ப வைத்தேன், பிறை. 1610 இல் கலிலியோ வெள்ளி தேய்வதையும் வளர்வதையும் கவனித்துத்தான் அது பூமியை அல்ல, சூரியனைச் சுற்றுகிறது என்று கண்டார். அந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் மனனம் செய்து புள்ளி எடுத்தவன் நான். கண்ணால் கண்டபோதுதான் அது எனக்கு விளங்கியது.

நிலவைப் பற்றி எழுதினால் நிறுத்த மாட்டேன். எங்கள் நாட்டில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போயா விடுமுறை. கல்லடிப் பாலத்தில் வாவிக்குள்ளிருந்து வரும் பாடுமீன் ஓசையைக் கேட்க ஆட்கள் கூடுவதும் முழுநிலவில்தான். அதனால் தொலைநோக்கி வந்தது தெரிந்தவுடன் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “போயாக்கு வரட்டா?” வாருங்கள் என்று சொல்லி, ஆகஸ்ட் முதலாம் திகதிப் போயாவுக்கு அழைத்தும் விட்டேன். வந்தவர்கள் கண் கூசிப் போய், “லைட் மாதிரிக் கிடக்கு” என்றார்கள். முழுநிலவில் வெயில் நேராக அடிக்கிறது, நிழலே இல்லை. மேடும் பள்ளமும் தெரிவதற்கு நிழல் வேண்டும். வளர்பிறை ஐந்தாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள்வரைதான் நிலவு பார்க்க நல்ல நேரம். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பும் தனியே எழும்பி நிற்கும். மலை உச்சியில் வெயில் பட்டு, அடிவாரம் இன்னும் இருட்டில் கிடக்க, அந்த உச்சி மட்டும் கறுப்புக்குள் ஒரு பொட்டாக மினுங்கும். ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பார்த்தால் அந்தப் பொட்டுப் பெரிதாகியிருக்கும். அங்கே விடிவதை நாம் இங்கே மாடியில் கதிரை போட்டு இருந்து பார்க்கிறோம்.

அதே மாதம் 23 ஆம் திகதி, மாலை ஆறு மணி தாண்டி நாலு நிமிடத்தில் சந்திரயான்-3 நிலவின் தென்பகுதியில் இறங்கியது. தெருப் பிள்ளைகள் எல்லாம் போனில் அதை நேரடியாகப் பார்த்துவிட்டு எங்கள் மாடிக்கு ஓடி வந்தார்கள். நல்ல வேளையாக அன்று அரைநிலவுக்கு முதல் நாள். தெற்கு விளிம்பை நடுவுக்குக் கொண்டுவந்து ஒவ்வொருவராகக் காட்டினேன். இறங்கிய வண்டி தெரியாது. பூமியில் இருக்கும் எந்தத் தொலைநோக்கிக்கும் அது தெரியாது. அதைச் சொன்னபோது அவர்கள் கவலைப்படவில்லை. கிண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும் அந்த ஓரத்தைக் காட்டி, “இதுக்குள்ளயா இறக்கினவங்க?” என்று ஒரு பொடியன் கேட்டான். அவனுடைய முகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

வாங்கும்போது முக்காலியைப் பற்றி இன்னொன்று. சாய்ந்த அச்சில் சுழலும் ஒருவகைத் தாங்கி உண்டு. வான நடுவரைத் தாங்கி என்பார்கள். அதன் அச்சைத் துருவத்தை நோக்கி வைக்க வேண்டும். எங்கள் துருவம் ஒரு முட்டிக்குக் கீழே கிடப்பதால் அந்த அச்சைப் படுத்த மாதிரிச் சாய்க்க வேண்டி வரும். மலிவான தாங்கிகளில் எதிர்ப்பாரத் தண்டு முக்காலியின் காலில் போய் முட்டும். ஆரம்பகாரர் இதில் காசு போட வேண்டாம். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் எளிய தாங்கி போதும். இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் டொப்சோனியன் என்ற வகைத் தொலைநோக்கி வாங்குங்கள். ஆறு அங்குலக் கண்ணாடி, நிலத்தில் வைக்கும் பலகைப் பெட்டி, அவ்வளவுதான். எனக்கு அடுத்தது அதுதான் என்று உண்டியலில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த டொப்சோனியனைப் பிரபலமாக்கிய ஜோன் டொப்சன் ராமகிருஷ்ண மடத் துறவியாக இருந்தவர். 1915 இல் பீஜிங்கில் பிறந்தவர், சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் 1944 இல் சேர்ந்தார். கையில் காசில்லை. கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துக் குழியாடி செய்தார், அட்டைக் குழாயில் பூட்டினார், தெருவோரத்தில் வைத்துப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நிலவைக் காட்டினார். மடத்தில் இருக்க வேண்டிய நேரமெல்லாம் தெருவில் நின்றதால் 1967 இல் மடத்தை விட்டு அனுப்பப்பட்டார். பிறகும் தெருவில்தான் நின்றார், 2014 இல் இறக்கும்வரை இதையே செய்தார். இதைப் படித்த நாளில் நான் கல்லடி ராமகிருஷ்ண மிஷன் பக்கமாக மெதுவாக நடந்து போனேன். விபுலானந்த அடிகளின் சமாதி இருக்கும் மண் அது. காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் படிப்பித்து, பிறகு காவி கட்டியவர். உலகத்தின் இரண்டு ஓரங்களில் ஒரே மடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். அந்த மதிலோரம் ஒரு தொலைநோக்கியை வைத்து, வீதியால் போகிற எல்லாருக்கும் சனியைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

காலநிலையைச் சொல்லாமல் விட முடியாது. ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரை மாரி. வானம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்த வருடங்களில் வியாழன் பூமிக்குக் கிட்ட வருவது சரியாக இந்த மழைக்குள்தான் என்பது எனக்குப் பெரிய குறை. மாசி, பங்குனியில் வானம் திறக்கும், ஆனால் பனி. பத்து மணிக்கெல்லாம் முன்வில்லை வியர்த்துவிடும். துணியால் துடைக்காதீர்கள், வில்லை கீறிப் போகும். கலண்டர் மட்டையைச் சுருட்டி முன்னால் ஒரு சாண் நீளக் குழாயாக மாட்டினால் பனி இறங்குவது நன்றாகக் குறையும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று. வானம் துடைத்த மாதிரி இருக்கும், ஆனால் சூடான காற்று மேலே கொதிக்கும். கிரகத்தைப் பார்த்தால் ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் சல்லிக்காசு மாதிரி நெளியும். அந்த மாதங்களில் கிரகத்தை விட்டுவிட்டு நட்சத்திரக் கூட்டங்களைப் பார்க்கலாம். ஆவணி, புரட்டாதிதான் எங்கள் பொற்காலம்.

2024 மே மாதம் தெற்கு வானத்துக்காகவே மாமாவின் வயலுக்குப் போனேன். படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்துக்குப் போகிற பக்கம். அங்கே இருட்டு என்றால் உண்மையான இருட்டு. ஆனால் யானையும் உண்மையான யானை. தனியாகப் போகவே கூடாது. மாமாவும் இரண்டு காவல்காரரும் பரணில் இருந்தார்கள். நான் பரணுக்குக் கீழே, ஏணியிலிருந்து பத்து அடிக்குள் தொலைநோக்கியை வைத்தேன். “சத்தம் கேட்டா சாமானை விட்டுட்டு ஏறு மருமகன்” என்பது மாமாவின் ஒரே நிபந்தனை. போனின் டோர்ச்சுக்கு வெசாக் கூடு கட்டும் சிவப்புத் தாளை நாலாக மடித்து ஒட்டியிருந்தேன். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். ஒரு தடவை வெள்ளை வெளிச்சம் பட்டால் எல்லாம் முதலிலிருந்து. சிவப்பு அவ்வளவு கெடுக்காது.

அன்று தேடியது ஒமேகா சென்டாரி. சிலுவைக்கு இடப்பக்கம் மேலே, வெறும் கண்ணுக்கே புகைந்த ஒரு நட்சத்திரம் மாதிரித் தெரிந்தது. 28 மடங்கில் வட்டமான ஒரு மாவுப் பொட்டலம். நேராக உற்றுப் பார்த்தால் மங்கும். பார்வையைச் சற்று ஓரத்துக்கு நகர்த்தினால் பொங்கி எழும். கண்ணின் நடுப்பகுதியை விட ஓரம்தான் மங்கிய வெளிச்சத்தை நன்றாகப் பிடிக்கும். அப்படி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தபோது விளிம்பில் தூள் தூளாக ஏதோ பிரிவது போலிருந்தது. ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள், சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில். மாமாவைக் கூப்பிட்டேன். ஏணியால் இறங்கி வந்து பார்த்தவர், வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, “இது இத்தனை நாளும் வயலுக்கு மேலயா நிண்டது?” என்றார்.

வியாழனைப் பற்றி என் தங்கையின் மகளே எழுத வேண்டும். 2024 மாசியில் மழை விட்டதும், பத்து வயதுக்காரி, தன் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு, நடுவில் ஒரு வட்டம், பக்கத்தில் பொட்டுகள் என்று ஒவ்வொரு இரவும் வரைந்தாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாலாவது இரவு, “மாமா, இந்தப் பொட்டுகள் இடம் மாறுது. ஆனா கோட்டை விட்டு வெளிய போகுதில்ல” என்றாள். வியாழனின் நாலு பெரிய நிலவுகளும் ஒரே தட்டில் சுற்றுவதை நாம் ஓரத்திலிருந்து பார்க்கிறோம். அதனால் ஒரு கோட்டில் முன்னும் பின்னும் போவதாகத் தெரியும். மிக உள்ளே இருக்கும் அயோ 1.77 நாளில் ஒரு சுற்று, வெளியே இருக்கும் கலிஸ்டோ 16.7 நாளில் ஒரு சுற்று. இந்த எண்களை நான் சொன்னது அவள் கண்டுபிடித்த பிறகுதான். கொப்பியைத் தங்கை இன்னும் எறியாமல் வைத்திருக்கிறாள்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் ‘சூரிய வடி’ என்று கண்வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று வந்தால் அதை அன்றைக்கே உடைத்து எறிந்துவிடுங்கள். முன்வில்லை சேர்த்துக் குவிக்கும் சூடு முழுவதும் அந்தக் கண்ணாடியில் இறங்கும்; பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெடிக்கலாம், பார்வை போய்விடும். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணம் வடக்கிலும் திருகோணமலைப் பக்கத்திலும் வளையமாகத் தெரிந்தது, எங்களுக்குப் பகுதியாகத் தெரிந்தது. அன்று எக்ஸ்ரே தாளைக் கண்ணில் பிடித்துக்கொண்டு நின்றவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு பதறும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பகலில் தொலைநோக்கியைத் திறந்தபடி விடாதீர்கள்.

இனிச் சனி.

என் அம்மம்மாவை நாங்கள் பெத்தா என்று கூப்பிடுவோம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கிறார். புரட்டாதிச் சனி ஒன்றும் விட்டதில்லை. எள்ளுப் பொட்டலம் கட்டி எள்ளெண்ணெய் எரிப்பது, காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு ஒரு நேரம் சாப்பிடுவது. அவருக்குக் கும்பராசி. முதல் ஏழரை கலியாணம் முடித்த கையோடு வந்ததாம். இரண்டாவது 90 களில். வீட்டையும் மாட்டையும் விட்டு இடம்பெயர்ந்து போன வருடங்கள். ஏழரை என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வானம் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் யோசித்தேன். சனி சூரியனைச் சுற்றிவர 29.5 வருடம். பன்னிரண்டு ராசிக்குப் பிரித்தால் ஒரு ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை. நம் ராசிக்கு முன் ஒன்று, நம் ராசி, பின் ஒன்று. மூன்று இரண்டரை ஏழரை. தொலைநோக்கி இல்லாத காலத்தில், வெறும் கண்ணால் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பிடித்த கணக்கு. கிரகம் மனிதருக்குக் கஷ்டம் தரும் என்பதை நான் ஏற்கவில்லை, பெத்தாவோடு அதைப் பற்றி வாதாடுவதும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கை எடுத்தவர்களின் பொறுமைக்கு முன்னால் தலை குனிகிறேன்.

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. பெத்தா வீட்டு முற்றம். சனி அன்று கும்பத்தில், தெற்கே உச்சிக்குக் கிட்ட நின்றது. அவ்வளவு உயரத்தில் இருந்தால் கண்வில்லை தாழ வந்துவிடும். அவருக்கு அது வசதி. பிளாஸ்டிக் கதிரையைப் பக்கத்தில் போட்டு இருத்தினேன். வலது கண்ணுக்குக் கண்புரை வெட்டி வில்லை வைத்திருக்கிறார், அந்தக் கண்ணால் பார்க்கச் சொன்னேன். 10 மில்லிமீற்றர், 70 மடங்கு. பூமி சுழல்வதால் ஒன்றரை நிமிடத்துக்குள் சனி நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய்விடும். நான் பார்த்து நடுவில் வைத்துவிட்டு விலக, அவர் குனிவதற்குள் போய்விட்டது. மூன்றாவது தடவை ஓரத்தில் வைத்துவிட்டு, “இப்ப பாருங்க பெத்தா, நடுவுக்கு வருவார்” என்றேன்.

முதலில் கைகூப்பினார். பிறகு கண்ணை வைத்தார். பேச்சில்லை. வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. நான் வளையம், கலிலியோ, ஹைகன்ஸ் என்று விளக்கமெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

“சும்மாடு கட்டியிருக்கார் மனே” என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான். அதற்கு முன் ஐம்பது தடவை சனியைப் பார்த்திருக்கிறேன், வளையத்தைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றியதில்லை. தலையில் பாரம் தூக்குவதற்குத் துணியை முறுக்கி வட்டமாகச் சுற்றி வைப்போமே, அதேதான். வயலிலிருந்து நெல் மூட்டையும் கிணற்றிலிருந்து குடமும் சுமந்த தலைக்குத்தான் அது தெரிந்திருக்கிறது. “ஆரோ இவருக்கும் சுமை ஏத்தி விட்டிருக்காங்க” என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் கண்ணை வைத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புரட்டாதியிலும் ஒரு சனிக்கிழமை தொலைநோக்கி அங்கே போகும். 2024 இல் சும்மாடு மெலிந்திருந்தது. 2025 செப்டம்பர் 20, புரட்டாதியின் முதல் சனி. அமாவாசைக்கு முதல் நாள், நல்ல இருட்டு. சனியும் அந்த வருடத்தில் பூமிக்கு மிகக் கிட்டே வந்திருந்த நேரம். இருந்தும் வளையத்தைக் காண கஷ்டப்பட வேண்டியிருந்தது. உருண்டைக்குக் குறுக்கே ஊசி குத்தியது போல ஒரு மெல்லிய கோடு. சனி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுவதால் ஏறக்குறைய பதினைந்து வருடத்துக்கு ஒரு தடவை வளையத்தின் விளிம்பு நேராக நம் பக்கம் திரும்பும். 2025 மார்ச் 23 இல் அது நடந்தது. வளையம் அவ்வளவு பெரியது, ஆனால் தடிப்பு அநேகமான இடங்களில் சில பத்து மீற்றர்தான். விளிம்பால் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது.

பெத்தா வெகுநேரம் பார்த்தார். “சும்மாடு எங்க மனே?”

சொன்னேன். திரும்பி நிற்கிறது, மெல்ல மெல்ல விரியும், 2032 இல் நன்றாக விரிந்து நிற்கும் என்று.

“அப்ப எனக்கு எத்தின வயசு?”

“எண்பத்தொன்பது.”

விரலில் ஏதோ எண்ணினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதிரையின் கையைப் பிடித்து எழும்பினார்.

“சரி. மறக்காமக் கொண்டு வந்து காட்டு.”